எத்தனை நாள் ஓய்வு, எப்போது ஓட்டம்?
விளையாட்டு மருத்துவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: அடிபட்ட பிறகு எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும்? முன்பெல்லாம் 'வலி போகும்வரை அசைக்காதே' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அண்மை ஆய்வுகள் அந்தப் பதிலை ஏறக்குறையத் தலைகீழாக்கிவிட்டன. தசையும் தசைநாணும், ஏன், மூளையும்கூட அளவோடு வேலை கொடுத்தால்தான் நன்றாகத் தேறுகின்றன. அந்த அளவு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வி: கூடைப்பந்து ஆடும்போது கால் பிசகி, கணுக்கால் வீங்கிவிட்டது. ஐஸ் வைக்கச் சொல்கிறார் ஒருவர். வைத்தால் ஆறாது என்கிறார் இன்னொருவர். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

எக்ஸ்ரேயை முதலில் பார்த்துவிடுவோம். இதற்கு 'ஒட்டாவா விதிகள்' என்றே ஒன்று உண்டு. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் பின் விளிம்பை, அடி நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்துங்கள். அடுத்து பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே கையில் தட்டுப்படும் எலும்பு முண்டு. கடைசியாக உள்பக்கம், பாத வளைவின் மேலே உள்ள எலும்பு. இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே தேவை. அடிபட்ட கையோடும் சரி, இப்போதும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் தேவை. இரண்டும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

இனி ஐஸ். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று 1978-இல் பெயர் சூட்டியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் அவரே எழுதினார். அடிபட்ட இடத்தில் வரும் வீக்கமும் சூடும் உடல் நடத்தும் பழுதுபார்ப்பின் முதல் கட்டம்; அதை அடக்குவதால், எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் லிகமென்ட் விரைவாக ஆறும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஆனால் ஐஸ் வலியைக் குறைக்கும். முதல் இரண்டு நாள் தூங்க முடியாத அளவுக்கு வலித்தால், துணி சுற்றி 10 நிமிடம் வையுங்கள், அதோடு விடுங்கள். எலாஸ்டிக் கட்டும், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பதும் தொடரட்டும்.

ஓரிரு நாளில், வலி தாங்குமளவுக்கு ஊன்றி நடக்கத் தொடங்கிவிடுங்கள். நடை சீரானதும் அடிபட்ட ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, பிறகு நின்றபடியே பந்தை வாங்கி எறிவது என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். லிகமென்ட் ஆறினாலும், பாதம் சாயும் கணத்தில் அதை இழுத்துப் பிடிக்கும் வெளிப்பக்கத் தசைகளின் சுறுசுறுப்பு தானாகத் திரும்புவதில்லை. அதனால்தான் ஒருமுறை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் பல மாதங்கள் கணுக்கால் பட்டையோ டேப்போ போட்டுக்கொண்டு ஆடுங்கள். மீண்டும் பிசகுவதை அது கணிசமாகக் குறைக்கிறது.

கேள்வி: ஓடும் தூரத்தை வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்கிறார்கள். அப்படித்தான் கூட்டினேன், ஆனாலும் முழங்கால் வலிக்கிறது. எங்கே தவறு?

வாரக் கணக்கைப் பார்த்தீர்கள், அன்றன்றைய ஓட்டத்தைப் பார்க்கவில்லை. ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டிய 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025-இல் வெளியான ஆய்வு இதைத்தான் சொல்கிறது. முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஒற்றை ஓட்டத்தைவிட 10 முதல் 30 சதவீதம் கூடுதலாக ஒரே மூச்சில் ஓடியவர்களுக்குக் காயம் வரும் விகிதம் 64 சதவீதம் அதிகம். இரண்டு மடங்கைத் தாண்டியவர்களுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். வாரத்துக்கு வாரம் கூட்டும் கணக்கில் இப்படியொரு ஆபத்து தெரியவில்லை.

உங்கள் வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள், நாளுக்கு 7 கி.மீ. வீதம் மொத்தம் 28. அடுத்த வாரம் 30-தான். ஆனால் மூன்று நாள் 6 கி.மீ. ஓடிவிட்டு, ஞாயிறன்று நண்பர்களோடு 12 ஓடியிருந்தால்? வாரக் கணக்கில் 7 சதவீதம்தான் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை முழங்காலுக்கோ 71 சதவீதம். திசுக்களுக்கு வாரக் கணக்கு தெரியாது.

ஆகவே நாட்குறிப்பில் ஒரே ஒரு எண்ணை எழுதி வையுங்கள்: கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டம். அது 8 கி.மீ. என்றால் அடுத்த நீண்ட ஓட்டம் 8.8-ஐத் தாண்ட வேண்டாம். காய்ச்சலில் மூன்று வாரம் படுத்திருந்தால் அந்த எண்ணும் இறங்கிவிடும். பழைய சாதனையை நினைத்து ஓடாதீர்கள். அந்த ஆய்வு தூரத்தை வைத்துத்தான் கணக்கிட்டது. மேட்டு ஓட்டமும் விரைவோட்டமும் கெண்டைக்காலுக்குத் தரும் சுமை தனி. நீண்ட ஓட்டத்தைக் கூட்டும் அதே வாரத்தில் அவற்றையும் கூட்டாதீர்கள்.

கேள்வி: வயது 42. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி வைக்க முடியாதபடி குதிகாலுக்கு மேலே வலி. ஆறு வாரம் ஓடாமல் இருந்தேன், போய்விட்டது. மீண்டும் ஓடியதும் வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் அக்கிலிஸ் தசைநாண்தான் பிரச்சினை. நீங்கள் இரண்டு வரியில் எழுதியதில் இந்த நோயின் சுபாவம் முழுவதும் இருக்கிறது. ஓய்வில் வலி போகும். கூடவே தசைநாணின் விறைப்பும் தசையின் பலமும் போகும். அதன் மேல் பழைய தூரத்தை ஏற்றினால் முன்பைவிடச் சீக்கிரம் வலிக்கும். இரண்டு முறை ஓய்வெடுத்தவர் மூன்றாம் முறை இன்னும் பலவீனமான காலோடுதான் ஓடத் தொடங்குகிறார்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு விரலால் நாணைக் கிள்ளிக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். குதி எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால் நடுப்பகுதி. எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் ஒட்டுப்பகுதி. பயிற்சி இரண்டுக்கும் ஒன்றுதான், ஒரு வேறுபாட்டோடு. நடுப்பகுதிக்காரர்கள் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே இறங்க விடலாம். ஒட்டுப்பகுதிக்காரர்கள் தரையில்தான் செய்ய வேண்டும். குதிகால் கீழே இறங்கும்போது நாண் எலும்பின் மீது அழுந்துகிறது, அந்த அழுத்தமே அங்கே நோயை வளர்க்கிறது.

1998-இல் சுவீடனின் ஆல்ஃப்ரெட்சன் வகுத்த முறை பெயர்பெற்றது: முழங்காலை நீட்டிக் குதிகாலை இறக்குவது 15 வீதம் மூன்று சுற்று, மடக்கி 15 வீதம் மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். நாளுக்கு 180 முறை. பலரால் தொடர முடிவதில்லை. 2015-இல் டென்மார்க் ஆய்வாளர்கள், கனமான எடையோடு மெதுவாக, வாரம் மூன்றே நாள் செய்யும் பயிற்சியை அதோடு ஒப்பிட்டார்கள். பலன் சமம்; நேரம் மிகக் குறைவு. உங்களுக்கு நாங்கள் சொல்வதும் இதைத்தான்.

இரண்டு காலில் நின்று, மூன்று விநாடி எடுத்துக் குதிகாலைத் தூக்கி, மூன்று விநாடி எடுத்து இறக்குங்கள். 15 வீதம் மூன்று சுற்று எளிதானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். அதுவும் எளிதானால் முதுகுப்பையில் எடை ஏற்றுங்கள். 12 முறைக்கு மேல் முடியாத எடை, சில வாரம் கழித்து 10, பிறகு 8, பிறகு 6. எண்ணிக்கை குறையும், எடை ஏறும். சுற்றுகளுக்கு நடுவே 2 முதல் 3 நிமிடம் இடைவெளி. நின்ற நிலையில் ஒரு பங்கு. கெண்டைக்காலின் அடித்தசைக்காக, உட்கார்ந்து தொடை மீது எடை வைத்து இன்னொரு பங்கு.

வலிக்குமா? வலிக்கும். 10-க்கு 5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தத் துறையில் நன்கு சோதிக்கப்பட்ட விதி. அந்த வலியோடு பயிற்சி நடந்தாலும் தேறுவது கெடுவதில்லை. ஆனால் தீர்ப்பு மறுநாள் காலையில்தான். முதல் பத்து அடி நேற்றைவிட மோசமாக இருந்தால் நேற்றைய சுமை அதிகம். ஒரு படி இறங்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் மாறவில்லை' என்று பலர் விடுகிறார்கள். மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். 12 வாரத்தைக் கணக்கில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

ஊசி: ஸ்டீராய்டு சில வாரம் வலியை அடக்கும். தசைநாண் நோய்களில் நீண்ட கால நிலைமை ஊசி போடாதவர்களைவிட மோசமாகலாம் என்று 2010-இன் பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அக்கிலிஸில் நாண் அறுந்துபோகும் அச்சமும் உண்டு. சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி, 2021-இல் வெளியான சோதனையில் ஆறாம் மாதத்தில் போலி ஊசியைவிட ஒன்றும் மேலாக இல்லை. அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்டிடம் செலவழியுங்கள்.

'பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல்' திடீரென வலித்து, அந்தக் காலால் நுனிக்காலில் எழ முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட நாட்களில் வலி தொடங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவ்வகை மருந்துகள் தசைநாணைப் பாதிப்பது தெரிந்த செய்தி.

கேள்வி: நீண்ட தூர ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை போட்டுக்கொள்வது வழக்கம். தவறா?

தவறு, விட்டுவிடுங்கள். 80 கி.மீ. ஓட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மி.கி. ஐபுப்ரோஃபென் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. சிறுநீரகம் உடனடிப் பாதிப்பு அடைந்ததற்கான அடையாளம், மாத்திரை எடுத்தவர்களில் 52 சதவீதத்தினரிடம். போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினரிடம். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பப்பட்டு, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரக ரத்தக்குழாயை விரித்துவைக்கும் வேதிப்பொருளை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்று ஓட வேண்டாம்.

கேள்வி: எங்கள் கால்பந்து அணியில் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு மூன்று பேருக்குத் தொடைப் பின்தசை பிடித்துக்கொள்கிறது. நீட்சிப் பயிற்சி தவறாமல் செய்கிறோம்.

நீட்சி மட்டும் போதாது, பலம் தேவை. மண்டியிட்டு, கூட்டாளி கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, தலை முதல் முழங்கால் வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு முன்னோக்கி மெதுவாகச் சாய வேண்டும். பின்தசையாலேயே உடம்பைத் தடுத்துத் தடுத்து இறங்கி, இனி முடியாது என்ற கட்டத்தில் கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். நார்டிக் பயிற்சி என்று பெயர். 8,459 வீரர்களின் தரவுகளைத் திரட்டிய 2019 தொகுப்பாய்வில், இதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன.

முதல் வாரம் ஒரே நாள், 5 வீதம் இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் இரண்டு சுற்று. மூன்றாவதில் மூன்று நாள், 6 முதல் 8 வீதம் மூன்று சுற்று. நான்காவதில் 8 முதல் 10. ஐந்தாம் வாரத்திலிருந்து 12, 10, 8. பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பியுங்கள். போட்டி வாரத்தில் திடீரென மூன்று சுற்று செய்யவைத்தால் மறுநாள் யாராலும் குனிய முடியாது. அதோடு அணியே இதைக் கைவிட்டுவிடும். இடுப்பு பின்னால் மடங்கினால் தசை வேலை செய்யாமல் தப்பிக்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்று இடுப்பைக் கவனிக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. கால்பந்தில் முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆறாம் மாதம் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறார் பயிற்சியாளர். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அம்மா. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளைப் பின்தொடர்ந்த 2016 ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டதற்கும் மறுகாய விகிதம் 51 சதவீதம் குறைந்தது. 25 வயதுக்கு உட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு அதே காலிலோ மறுகாலிலோ ஏ.சி.எல். மீண்டும் கிழிந்திருக்கிறது என்பது இன்னொரு தொகுப்பாய்வின் கணக்கு. உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள்.

வலி இல்லாததை வைத்து முடிவு செய்யக் கூடாது. வேறிடத்திலிருந்து எடுத்துப் பொருத்திய நாண், உள்ளே முதலில் உயிரிழந்து, பிறகு புது ரத்தக்குழாய்களும் செல்களும் குடியேறி, மெல்ல மெல்ல லிகமென்ட்டாக மாறுகிறது. அந்த மாற்றம் நடக்கும் மாதங்களில் அது பலம் குறைந்துதான் இருக்கும்; வலி அதைக் காட்டிக்கொடுக்காது.

ஒன்பது மாதம் ஆனால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. முன்தொடைத் தசையின் பலத்தைக் கருவியில் அளந்து, மறுகாலின் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், குறுக்கும் மறுக்குமாகத் தாவல், 6 மீட்டரைத் தாவிக் கடக்கும் நேரம் ஆகிய நான்கிலும் அதே 90. இதில் ஒரு பொறி உண்டு. இத்தனை மாதம் ஆடாததால் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டால் 90 எளிதில் வந்துவிடும். அறுவைக்கு முன் நல்ல காலை அளந்து வைத்திருந்தால் அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். தாவும் தூரத்தை மட்டும் பார்க்கவும் கூடாது. முழங்கால் கொடுக்க வேண்டிய விசையை இடுப்பும் கணுக்காலும் கொடுத்துச் சமாளித்துவிடும். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று கைபேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

திரும்பிய பிறகு, அணி முழுவதும் ஃபிஃபா 11+ வார்ம்-அப்பைச் செய்யட்டும்: 20 நிமிடம், 15 பயிற்சி, வாரம் இரண்டு முறையாவது. 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நார்வேயில் நடத்திய சோதனையில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

கிழிந்து இரண்டு வாரமே ஆன இன்னொரு வாசகர், அறுவை கட்டாயமா என்று கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் கட்டாயமில்லை. 2010-இல் வெளியான சுவீடன் சோதனையில் 121 இளைஞர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை; மறுபாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டாண்டு முடிவில் இரு குழுவின் நிலையிலும் வேறுபாடில்லை. பயிற்சிக் குழுவின் 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் அறுவைக்குப் போயிருந்தார்கள். முழங்காலை 90 பாகையில் மடக்கி, அசையாதபடி பிடிக்கும் பிரேஸ் கட்டி நான்கு வாரம் நிறுத்தி, பிறகு படிப்படியாக நீட்டி, 12-ஆம் வாரம் கழற்றும் முறையும் வந்திருக்கிறது. 2023-இல் வெளியான 80 பேரின் விவரத்தில், மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் 90 சதவீதத்தினருக்குக் கிழிந்த லிகமென்ட் ஒட்டியதற்கான அடையாளம் இருந்தது. ஆனால் ஒப்பிடுவதற்கு மறுகுழு இல்லாத ஆய்வு அது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. தானாகச் செய்துபார்க்கும் விஷயமல்ல. முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் இந்த வழிகளையும் பேசுங்கள்.

கேள்வி: பள்ளி அணிப் பயிற்சியாளர் நான். இரண்டு மாணவர்கள் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் சில விநாடி திகைத்து நின்றுவிட்டு, 'ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்' என்றான். ஆடவிட்டது சரியா?

சரியல்ல. மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே அன்று ஆட்டம் முடிந்தது. மாணவன் என்ன சொன்னாலும் சரி. அதிர்ந்த மூளையால் தன் நிலையைத் தானே எடைபோட முடியாது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம். கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, நினைவிழப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, வரவர மயக்கம் அல்லது முரட்டுத்தனம்: ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்.

இவை இல்லாவிட்டால்? இங்கேதான் மருத்துவம் பெரிதாக மாறியிருக்கிறது. இருட்டறையில் பல நாள் படுக்கவைக்கும் பழக்கத்தை, விளையாட்டில் வரும் மூளை அதிர்வு பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டின் ஒருமித்த அறிக்கை தெளிவாக நிராகரித்துவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு போதும்: வீட்டுக்குள் நடமாட்டம், கைபேசி, தொலைக்காட்சி குறைவு. பிறகு நடையும் நிலைச் சைக்கிளும் தொடங்க வேண்டும். அடிபட்ட வளரிளம் பருவத்தினருக்கு மிதமான ஏரோபிக் பயிற்சி கொடுத்த 2019 சோதனையில் அவர்கள் தேற ஆன நாள் 13. நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17.

இங்கும் அளவுதான். தொடங்கும் முன் தலைவலி 10-க்கு எவ்வளவு என்று கேளுங்கள். பயிற்சியில் அது 2 புள்ளிக்கு மேல் ஏறினாலோ, ஏறியது ஒரு மணி நேரத்தில் தணியாவிட்டாலோ நிறுத்திவிட்டு நாளைக்கு முயலுங்கள். முதல் படி அன்றாட வேலைகள். இரண்டாவது, உச்ச இதயத் துடிப்பின் 55 சதவீதம் வரை, பிறகு 70 வரை பயிற்சி. மூன்றாவது, தனியாக ஓடித் திரும்பும் பயிற்சி, தலையில் அடிபடும் வாய்ப்பே இல்லாமல். இதுவரை லேசான தொல்லை இருந்தால் பரவாயில்லை. மோதல் இல்லாத கூட்டுப் பயிற்சி, முழுப் பயிற்சி, போட்டி ஆகிய கடைசி மூன்று படிக்கும் அறிகுறி அறவே நின்றிருக்க வேண்டும். மருத்துவர் ஒப்புதலும் வேண்டும். படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். பாடம் படிக்க முடியாத மாணவனைப் பந்து ஆட அனுப்பாதீர்கள். பள்ளி வேலை முழுதாகத் திரும்பிய பிறகே போட்டி.

கேள்வி: எடைப் பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் உட்காருகிறேன். நல்லதுதானே?

தசை வளர வேண்டும் என்றால் நல்லதல்ல. 12 வாரம் நடத்திய 2015 ஆய்வில், எடைப் பயிற்சி முடிந்த கையோடு 10 பாகை செல்சியஸ் நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு, லேசாகச் சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசையும் பலமும் குறைவாகவே கூடின. ஒரே நாளில் இரண்டு போட்டி, மாலைக்குள் கால் லேசாக வேண்டும் என்ற நேரத்தில் பயன்படுத்துங்கள். பயிற்சிக் காலத்தில் வேண்டாம்.

கேள்வி: வயது 19, 5,000 மீட்டர் ஓடுகிறேன். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. 'நன்றாகப் பயிற்சி செய்கிறாய் என்று அர்த்தம்' என்கிறார்கள். முன்காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், ஓரிடத்தில் வலியும் இருக்கிறது.

அப்படி அர்த்தமில்லை. மூன்று மாதம் வராவிட்டாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம், தைராய்டு போன்றவற்றை முதலில் சோதித்து விலக்குவார்கள். அவை இல்லையென்றால், உடம்புக்கு வேண்டிய ஆற்றல் போய்ச் சேரவில்லை என்று பொருள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டு, 2023-இல் விரிவாகத் திருத்தி எழுதிய நிலை இது. ஆண்களுக்கும் வரும்.

கணக்கு இப்படி. எடை 52 கிலோ, அதில் கொழுப்பு நீங்கலாக 42 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குச் சாப்பிடுவது 1,800 கலோரி. பயிற்சியில் எரிப்பது 700. மிச்சம் 1,100, அதை 42-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 26. இதயம், மூளை, எலும்பு, கருப்பை எல்லாம் இதை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். 45 இருந்தால் நிறைவு. 30-க்குக் கீழே நாட்கணக்கில் இருந்தால் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கும். இவருக்கு 45 வர 2,590 கலோரி தேவை. நாளுக்கு ஏறக்குறைய 800 குறைகிறது. எல்லை ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் இடைவெளியின் அளவு புரியும்.

முன்கால் வலியை அலட்சியப்படுத்தாதீர்கள். விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், எலும்பின் மேல் வலித்தால் எலும்புச் சோர்வு விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். பார்க்கும்வரை ஓடாதீர்கள். ஊன்றினால் கூடும் சோர்வு விரிசலுக்கு உண்மையிலேயே ஓய்வு வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் நீண்ட ஓய்வு எழுதித் தரும் ஒரே இடம் இதுதான். மாதவிலக்கை 'வரவழைக்க' கருத்தடை மாத்திரை தந்தால் காரணம் கேளுங்கள். மாத்திரையில் வரும் ரத்தப்போக்கு, பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல் காட்டும். எலும்பு தேய்வது நிற்காது. சாப்பாட்டைக் கூட்டினால்தான், குறிப்பாகப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாவுச்சத்தைக் கூட்டினால்தான் நிற்கும்.

கேள்வி: கோடையில் 10 கி.மீ. ஓட்டப் போட்டி நடத்துகிறோம். வெப்பத்தில் யாராவது விழுந்தால் உடனே ஆம்புலன்ஸில் ஏற்றிவிடலாமா?

ஏற்றாதீர்கள், முதலில் குளிர்வியுங்கள், பிறகு ஏற்றுங்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரையும் வந்த பிறகும் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். உள்ளுடல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, குழறல், தள்ளாட்டம், ஆவேசம் அல்லது மயக்கம் இருந்தால் ஹீட் ஸ்ட்ரோக். 30 நிமிடத்துக்குள் 39-க்குக் கீழே கொண்டுவந்தால் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் 274 பேர் இப்படி விழுந்தார்கள். எல்லோரையும் பந்தய இடத்திலேயே பனிநீர்த் தொட்டியில் இறக்கினார்கள், ஒருவரும் சாகவில்லை.

வெப்பத்தை ஆசனவாய் வெப்பமானியால்தான் அளக்க வேண்டும். காதிலும் நெற்றியிலும் வைக்கும் கருவிகள், ஓடி வந்தவருக்குப் பல பாகை குறைத்துக் காட்டி ஏமாற்றும். தோல் வியர்த்துக் குளிர்ந்திருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் இருக்கலாம். கழுத்துவரை தண்ணீரில் இறக்கி, இரண்டு அக்குளுக்கும் கீழே துண்டைக் கொடுத்துப் பின்னாலிருந்து ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் உடலை ஒட்டிய நீர் சூடாகிப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். 39 வந்ததும் வெளியே எடுங்கள். தொட்டி இல்லையா? தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் கொட்டி அசைத்துக்கொண்டே இருங்கள்.

உளறுகிறார், வாந்தியும் எடுக்கிறார், ஆனால் உடல் வெப்பம் ஏறவில்லை என்றால் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்ததால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அப்படி இருந்தது. மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. 'தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள்' என்று போட்டிக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் தேவை என்பதையும் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள்.

விழுந்தவர் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சு இல்லை அல்லது விக்கல்போல் இழுக்கிறது என்றால் வெப்பமானியைத் தேடாதீர்கள். இதயம் நின்றிருக்கிறது. கை கால் வெட்டி இழுத்தாலும் வலிப்பு என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியை எடுத்துவர ஓடட்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே அந்தக் கருவியை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்காமல், ஓட்டம் முடியும் கோட்டின் பக்கத்திலேயே, யார் எடுத்து ஓட வேண்டும் என்று பெயர் சொல்லி வையுங்கள்.